மேட்டுக்கு அந்தப் பக்கம்

சோற்றில் நெய் குறைவென்று கங்காணி சதாசிவம் தட்டைத் தள்ளிவிட்டார். அவ்வளவுதான். அவர் மனைவி நவமணி தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தங்கை ராக்காயி வீட்டுக்குப் போய்விட்டாள்.

மலாயாவில் பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. தங்கை வீடு மேட்டுக்கு அந்தப் பக்கம், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் இருந்தது. நடுவே ஒற்றையடிப் பாதைதான், மாட்டுவண்டி ஏறாது.

சதாசிவமோ காலையில் ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கே வண்டியில் போகிறவர். பெருத்த உடம்பு. பேசினாலே மூச்சு இரைக்கும்.

ஆள் அனுப்பிப் பார்த்தார். அவரே வந்து கூப்பிடட்டும் என்று பதில் வந்தது.

தோட்டமே நவமணியை ஏசியது. நெய்க்காகப் புருஷனை விட்டுப் போவாளா ஒருத்தி?

வேறு வழியில்லாமல் சதாசிவமே நடந்து கிளம்பினார். முதல் நாள் சாயங்காலம் பாதி மேட்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். தட்டுத் தடுமாறிப் போய்ச் சேர்ந்தால், என்ன ஏது என்று அவள் கேட்கவில்லை. கஞ்சியும் கீரையும் வைத்தாள்.

"நாளைக்கு வாங்க, யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

மறுநாளும் அதே பதில். கெஞ்சினார். மிரட்டினார். வேறு கல்யாணம் செய்துகொள்வேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். அவள் அசையவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று திட்டிக்கொண்டே இறங்குவார். பொழுது சாய்ந்தால் கால் தானாக மேட்டுக்குத் திரும்பும்.

மழைக்காலம் வந்து போனது. சட்டை தொளதொளத்தது. இப்போது எங்கும் உட்காராமல் ஏறினார். அது அவருக்கே உறைக்கவில்லை. ஊர் சிரிக்கிற அவமானம்தான் உறைத்தது.

ஒருநாள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"தப்பு என்மேலதான் நவமணி. இன்னும் நான் என்ன செய்யணும்?"

அவள் கிட்டே வந்தாள். அவர் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். கண் கலங்க உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வந்தாள்.

"கோவமெல்லாம் அன்னைக்கே போயிருச்சுங்க. உடம்பு பெருத்து, உக்காந்தே இருந்து, உங்க நெஞ்சு பலங்கெட்டுப் போச்சுன்னு தோட்டத்து ஆஸ்பத்திரியில வைத்தியம் பாக்குற டிரஸ்சர் அதுக்கு முன்னாடியே என்னைக் கூப்பிட்டுச் சொன்னாரு. நெய்யைக் குறைக்கணும், மெல்ல மெல்ல மேடேறி நடக்கணும்னாரு. பயந்துக்கிட்டு, தங்கச்சி புருஷனைத் தினம் உங்க பின்னாலேயே மறைஞ்சு வரச் சொல்லியிருந்தேன்."

சதாசிவம் அவள் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டார்.

"இதை அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"நடங்கன்னு சொன்னா நடக்கிற ஆளா நீங்க? கூப்பிட வருவீங்கன்னு மட்டுந்தான் எனக்குத் தெரியும்."