பஸ்ஸில் கட்டிய பாட்டு

ஜெரோம் சொந்தமாகப் பாட்டுக் கட்டி ஊர் ஊராகப் போய்ப் பாடுகிறவன். ஆர்மோனியம் வாசிப்பது மனைவி மெர்சி. தொண்ணூற்றாறில் முதன்முதலாக வால்பாறைக்குப் போனார்கள். மலையேறும் பஸ்ஸிலேயே ஒரு புதுப் பாட்டைக் கட்டி மெர்சிக்குப் பாடிக் காட்டினான்.

சாயங்காலம் எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீட்டு வாசலில் அதைத் தொடங்கியதும், அங்கிருந்த பெண்கள் கூடவே பாடினார்கள். ராமாத்தாள் என்பவள் அழுதாள்.

"இது உங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்றான் ஜெரோம்.

"போன மாசம் நீங்கதானுங்க பாடுனீங்க. உங்க சம்சாரத்தை இங்க அடக்கம் பண்ணுனப்ப."

"எந்த எடத்துலங்க?" என்று மெர்சி கேட்டாள். ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை. ஜெரோம் அதையே திரும்பக் கேட்டதும், ராமாத்தாள் சர்ச்சுக்குப் பின்னால் கை காட்டினாள்.

மெர்சி ஆர்மோனியத்தை மூடிவிட்டு அந்தப் பக்கம் நடந்தாள்.

"மெர்சி! மெர்சி!"

ராமாத்தாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கும் இப்படியேதானுங்க கூப்பிட்டீங்க."