பேரெழுதாத பூசணி

கப்பலில் சமையல்காரனாக இருந்த இஞ்ஞாசி எந்தக் கரையில் இறங்கினாலும் முதலில் வீட்டுக்குத்தான் போன் போடுவான். அந்த ஊர்த் தண்ணீர் என்ன நிறம், என்ன வாசம் என்று ஆற அமரச் சொல்லிவிட்டு, கடைசியில்தான் பெயரைச் சொல்வான். அவன் மனைவி மெற்றில்டா உடனே கொல்லைக்குப் போய், கைக்குள் அடங்கும் ஒரு பூசணிப் பிஞ்சில் அந்தப் பெயரை ஊக்கால் கீறிவைப்பாள். பிஞ்சு பெருக்கப் பெருக்க எழுத்தும் விரியும். பரானா ஆறு, ஒன்டாரியோ ஏரி, ரோட்டர்டாம் எல்லாம் அவள் கொல்லையில் தழும்பேறிக் கிடந்தன.

கோயிலில் மகள் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு வருகிறேன் என்று சொல்லி வராமல் போனவன், அடுத்த வாரம் கூப்பிட்டான்.

"மெற்றில், இங்க தண்ணி பாலாட்டம் வெளுத்துக் கெடக்கு..."

"எந்தத் தண்ணியிலயாவது கெடங்க, எனக்கென்ன!"

போனை வைத்துவிட்டாள். மறுபடியும் மணி அடித்தது. அவள் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அடிக்கவேயில்லை.

அன்று பிஞ்சாக இருந்தது இப்போது தோல் இறுகி, ஒரு கீறலும் இல்லாமல் முற்றிக் கிடக்கிறது. கொடிகூடக் காய்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஸ்டெல்லா மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள்.

"மைனி, பேரெழுதுன காயத்தான் தொட விடமாட்டீய. அந்த வெறுங்காயையாவது தாங்களேன், கொழம்புக்கு."

மெற்றில்டா ஊக்கைக் கழற்றிக்கொண்டு காயின் முன்னால் குந்தினாள். அழுத்திக் குத்தினாள். முனை வழுக்கிக்கொண்டு போனது.

"பொறு ஸ்டெல்லா. இது எந்த ஊருன்னு மட்டும் அவுககிட்ட கேட்டுக்கிடுதேன்."