புழு இல்லாத வீடு

மாநகராட்சிப் பணியாளர் சுடலைவடிவு டார்ச்சை அணைத்தாள். தண்ணீர்த் தொட்டியில் கொசுப்புழு இல்லை. பிரிட்ஜின் பின்தட்டிலும் பூந்தொட்டியிலும்கூட இல்லை.

“இந்தத் தெருவுல போன வருசம் தகைவிலான் குருவி நாப்பது இருந்துச்சு. இப்ப மூணுதான். ஏன்னு மேல கேக்காங்க. நீங்க ஒரு புழுகூட வளக்கல, பொறவு கொசு எப்படி வரும், குருவி எதத் திங்கும்?”

“வாரா வாரம் தொட்டியக் கழுவியே பழகிட்டேன்க்கா,” என்றாள் வீட்டுக்காரி ரெஜினா.

“பக்கத்து வீட்டுல பாருங்க, ரெண்டு டயர்ல தண்ணி தேக்கி வச்சிருக்காங்க.”

சுடலைவடிவு சிவப்பு ஸ்டிக்கரை எடுத்தாள். அதை ஒட்டிவிட்டால் ரெஜினாவின் ரேஷன் கார்டு முடங்கிவிடும்.

உள்ளறையில் ரெஜினாவின் மகள் முனகினாள்.

“பிள்ளைக்கு என்ன?”

“நாலு நாளா காய்ச்சல்க்கா. டெங்குன்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க.”

சுடலைவடிவின் முகம் தெளிந்தது. “அப்ப கொசு இருக்குல்லா. இத மொதல்லயே சொல்லக் கூடாதா?”

சிவப்பைப் பைக்குள் போட்டுவிட்டு, கதவில் பச்சை ஸ்டிக்கரை ஒட்டி உள்ளங்கையால் நீவிவிட்டாள். ரெஜினா கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஸ்டிக்கரில் ஒரு குருவிப் படம் இருந்தது. அதன் கீழே எழுதியிருந்தது: ‘இவ்வீடு குருவிகளுக்கு உணவளிக்கிறது.’