அம்பு விடாத படம்

கடைசிப் பெட்டி போளூரிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை.

இடைவேளையில் முறுக்கு வாங்கப் போன இராஜமாணிக்கத்தின் காதில், ஆரணி சினிமாக் கொட்டாய் மேனேஜர் சம்பந்தம் ஆபரேட்டரிடம் குசுகுசுத்தது விழுந்துவிட்டது. படம் ஒன்று, ஊர் இரண்டு. போளூரில் ஓடி முடிந்த ரீலைப் பஸ்ஸில் ஏற்றி ஆரணிக்கு அனுப்புவார்கள். தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பெட்டிக்காரன் எந்தப் பஸ்ஸில் தொங்குகிறானோ, யார் கண்டது?

வேறு நாளாக இருந்தால் அவரும் நாலு பேரோடு சேர்ந்து கூச்சல் போட்டுவிட்டுச் சும்மா இருப்பார். இன்றைக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கு ஒரு நடை, சீட்டுக்கு ஒரு நடை.

மனைவி சின்னம்மாள் முறுக்கை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தை மாதம் மகன் ஜெயவேல் இறந்ததிலிருந்து அவள் வாய் திறந்து எதையும் கேட்டதில்லை. எட்டு வயது. ஒரே பிள்ளை. துக்க வீடு என்பதால் இந்த வருஷம் எண்ணெயும் இல்லை, பட்டாசும் இல்லை. தெருவெல்லாம் வெடித்துக்கொண்டிருந்த தீபாவளிக் காலையில்தான் தறியருகே வந்து நின்று, நரகாசுரன் படம் பார்க்க வேண்டும் என்றாள்.

போயும் போயும் அந்தக் கதையா?

முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பண்டிகை இல்லாத வீட்டுக்குப் படம் மட்டும் கேட்கிறதோ என்று முள்ளிப்பட்டு ஊரே பேசும். பேசட்டும்.

நரகாசுரன் கதை ஒன்றுதான், எடுத்த படம் பல; ஆளுக்கு ஒன்று உசத்தி. கோட்டை பற்றி எரிகிற படம்தான் படம் என்பான் பக்கத்துத் தறிக்காரன் குப்புராஜ். மேனேஜர் சம்பந்தத்துக்குப் பழைய கறுப்பு வெள்ளைப் படம். அதில், எதிரே நிற்பவன், பூமாதேவியாக இருந்தபோது தான் பெற்ற பிள்ளை என்று தெரியாமலே சத்தியபாமா அம்பு விடுவாள். அந்த இடத்தில் கொட்டாயே அழும் என்று சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம்போலப் பெருமையடிப்பார்.

இராஜமாணிக்கம் மூன்று நாளில் மூன்று ஊர் சுற்றினார். தறியில் பாவு நூல் நெய்யாமல் அப்படியே கிடந்தது. எங்கேயும் முடிவுதான் அவருக்குக் கணக்கு. ஆற்காட்டில் ஓடிய படத்தில் அம்பு. வேலூரில் ஓடியதிலும் அம்பு, போதாததற்கு ஒரு அழுகைப் பாட்டு வேறு. போளூரில் பார்த்த புதுக் கலர் படத்தில்தான் பாமா போர்க்களத்துக்கே வரவில்லை. கிருஷ்ணரே சக்கரத்தை விடுகிறார். நரகன் கைகூப்பி வெளிச்சத்தில் கலந்துவிடுகிறான். ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

அப்போதுதான் அவருக்கு மூச்சு வந்தது. அதே படம் ஆரணியிலும் ஓடுகிறது என்று கேள்விப்பட்டதும் மறுயோசனை இல்லாமல் அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பெற்றவளே பிள்ளையைக் கொல்வதைச் சின்னம்மாள் பார்க்கக் கூடாது. அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது.

திரையில் யானைகள் கிளம்பின. நரகன் தொடையைத் தட்டினான். அதோடு படம் நின்று திரை வெளுத்துப்போனது.

விசில் பறந்தது. யாரோ பெஞ்சைத் தூக்கிப் போட்டார்கள். சம்பந்தம் மைக்கைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"பெட்டி வரலங்க, பேஜார் பண்ணாதீங்க. நம்மகிட்ட பழைய படம் கீது, அதே சண்டைதான். அத்தப் போட்டு முடிச்சிடறோம்."

கதை ஒன்றுதானே, எந்தக் கிருஷ்ணர் வந்து முடித்தால் என்ன என்று நினைத்துவிட்டார் மனிதர்.

இராஜமாணிக்கம் அதற்குள் எழுந்துவிட்டார்.

"ஜல்தி எழுந்திரு. பஸ்ஸு பூடும்."

சின்னம்மாள் அசையவில்லை. அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

நீலமாக இருந்த கிருஷ்ணர் கறுப்பாகி, மூக்கும் வேறாகி வந்து நின்றார். கூட்டம் ஓவென்று சிரித்தது. அவர் மயங்கி விழுந்ததும் பாமா வில்லை எடுத்தாள். சிரிப்பு அடங்கிவிட்டது.

இராஜமாணிக்கம் திரையை விட்டுச் சின்னம்மாள் பக்கம் திரும்பினார். அவள் கண்ணைப் பொத்தலாமா? தனக்குத் தலை சுற்றுகிறது என்று சொல்லலாமா? முன்வரிசைக்காரன் எழுந்து நின்று மறைத்துத் தொலைக்கக் கூடாதா? கரண்டாவது போகக் கூடாதா?

அம்பு பாய்கிற சத்தம் கேட்டது. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பாமா கதறுகிற சத்தம் கேட்டது. அவருக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தவர் அவர்தான்.

சின்னம்மாள் அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"கண்ணத் தொறந்து பாருங்க. அவளும் தெரியாமத்தான் பண்ணா."

பத்து மாதமாக இருவரும் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. காய்ச்சலில் கிடந்த பிள்ளை தண்ணீர் கேட்டது. தறியில் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்த இராஜமாணிக்கம், அதிலிருந்து கண்ணை எடுக்காமலே, கைக்கு எட்டிய பீங்கான் கிண்ணத்தை எடுத்து நீட்டினார். சாயத்துக்கு ஊற்றி வைத்திருந்த திராவகமும் பார்க்கத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும்.

சின்னம்மாள் அன்றைக்கு வீட்டிலேயே இல்லை. போளூர் சந்தைக்குப் போயிருந்தாள்.