சட்டைப்பையில் சீவாளி

நியூ ஆர்லியன்ஸ் சவ ஊர்வல பேண்டில் நான் கிளாரினெட். நான் வாசித்துப் பழகினால் தெருநாய்கள் இடம் மாறும்.

"இன்னிக்குப் பிசிறடிச்சேன்னா, நாளைலேருந்து இறால் விக்கப் போயிடு, தம்பி" என்றார் பேண்டின் தலைவர் ஒனேசிம்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது ஊர் வழக்கப்படி நடக்கும் ஆட்டம்பாட்டத்தில் என் கிளாரினெட் டிரம்பெட்டுகளுக்கு மேலே ஏறி முழங்கியது. குடையைச் சுழற்றிக்கொண்டு விதவையே ஆடினார். ஒனேசிம் கண்ணைத் துடைத்தார்.

மதுக்கடை வாசலில் கிளாரினெட்டைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன், அதன் ஊதுமுனையில் நாணல் சீவாளியே இல்லை. பயத்தில் மாட்ட மறந்தது, சட்டைப்பையில் உலர்ந்து கிடந்தது. சீவாளி இல்லாமல் சத்தமே வராது. ஊதிப் பார்த்தேன். வெறும் காற்று.

"என்னடா நிக்கிற? இன்னொரு தெரு வாசிக்கச் சொல்றாங்க" என்றார் ஒனேசிம்.

சீவாளியைப் பையிலேயே விட்டுவிட்டு, கூட்டத்துக்கு நடுவே போய் ஊதினேன்.

மாடி ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.