ஏழாம் எண் தூண்

முப்பத்தொன்பது திரைகளில் கட்டடம் பச்சைப் பசேலென்று நின்றது. ஒரே ஒரு திரையில் மட்டும் தரைத்தளத்துத் தூண் ஒன்று சிவந்து கிடந்தது. பச்சை என்றால் தாங்கும். சிவப்பு என்றால் தாங்காது.

துறைத்தலைவர் அந்தத் திரைக்குப் பின்னால் வந்து நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. நாம உக்காந்திருக்கிற இந்தக் கட்டடம் விழப்போகுதாம். அம்மா சொல்றாங்க."

லேப் சிரித்தது. சிரிக்காதவர்களின் இன்டர்னல் மார்க் என்ன ஆகும் என்பது லேபுக்குத் தெரியும்.

கட்டடங்களின் பலத்தைக் கணக்கிடும் பாடத்தை சாஃப்ட்வேர் வைத்து நடத்துவது அந்தப் பருவத்தில்தான் தொடங்கியிருந்தது. முதல் பயிற்சிக்குத் தலைவர் அதிகம் தேடவில்லை. தாமே வடிவமைத்து, வாசல் கல்வெட்டில் தம் பெயரையும் பொறித்துக்கொண்ட துறைக் கட்டடத்தின் வரைபடத்தையே கொடுத்துவிட்டார். தங்களிடம் கேட்கப்படுவது கணக்கா, பாராட்டா என்பதில் மாணவர்களுக்கு ஒரு குழப்பமும் இருக்கவில்லை.

சிவப்புத் திரைக்காரியை வகுப்பில் 'மறுபடி' என்பார்கள். எந்த விடையையும் மறுபடி போட்டுப் பார்க்காமல் விடமாட்டாள்.

"கம்ப்யூட்டருக்கு மூளை கிடையாது. தட்டுறவங்களுக்காவது இருக்கணும்," என்றார் தலைவர்.

"கையாலயும் போட்டுப் பார்த்தேன் சார். அதே விடைதான்."

"அப்ப ரெண்டு தப்பு. மாடிக்கு என்ன பாரம் கொடுத்த?"

"வரைபடத்துல வகுப்பறைன்னு இருக்கு சார். ஆனா ஏறிப் போய்ப் பார்த்தா, பழைய விடைத்தாள் கட்டு கூரை முட்ட அடுக்கியிருக்கு. ஒரு கட்டை எடை போட்டு, மொத்தத்தையும் எண்ணிப் பெருக்கிட்டேன்."

சிரிப்பு நின்றது. போன மாதம் அந்தக் கட்டுகளை அங்கே ஏற்றச் சொன்னவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

"எந்தத் தூண் அது?"

"ஏழாம் எண், சார்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"வரைபடத்துல இல்லாத பாரத்தை ஏத்துறதுக்குப் பேரு அதிகப்பிரசங்கித்தனம். பன்னெண்டு வருஷமா அசையாம நிக்குது. 'என் கணக்கு தப்பு, தூண் பத்திரமா இருக்கு'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு நாளைக்குக் காலையில என் ரூமுக்குக் கொண்டு வா. இல்லையா, அடுத்த வருஷம் ஜூனியர்களோட உக்காந்து இதே பாடத்தைப் படி."

மணி அடித்த பிறகும் அரை மணி நேரம் பேசாமல் விடாத மனிதர், அன்று பதினைந்து நிமிடம் முன்னதாகவே லேபை விட்டு வெளியேறினார். அத்தனை கோபம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

'மறுபடி' மாலையில் இன்னொரு முறை கணக்கைப் போட்டாள். தூண் இப்போதும் தேறவில்லை. ஒரு பாடம் நின்றால் உதவித்தொகை நிற்கும். அது நின்றால் படிப்பே நின்றுவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு, தூண் பத்திரமாக இருப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

காலையில் தரைத்தளத்தில் தலைவரின் அறைக் கதவைத் தட்டினாள். திறந்தே இருந்தது. நாற்பது பேர் தாராளமாக உட்காரக்கூடிய அந்த அறையை இதுநாள்வரை ஒருவரே நிரப்பியிருந்தார். இப்போது மேசை இல்லை, சுழல் நாற்காலி இல்லை, கேடயங்கள் வைத்த அலமாரி இல்லை. சுவரோரம் ஏழாம் எண் தூணும், தரைவிரிப்பைச் சுருட்டிக்கொண்டிருந்த உதவியாளரும்தான் மிச்சம்.

"அண்ணே, சார் வரலையா?"

"நேத்து சாயங்காலமே எதிர்க் கட்டடத்துக்கு மாறிட்டாரும்மா. நாலு ஆளைப் பிடிச்சு ஒரே மணி நேரத்துல மாத்தச் சொன்னாரு. இங்க காத்தோட்டம் போதலையாம்."

அவள் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தாள். தூணைப் பார்த்தாள்.

"அப்ப இந்த ரூம்?"

உதவியாளர் கதவில் புதிதாக ஒட்டியிருந்த தாளின் மடங்கிய ஓரத்தைத் தடவிவிட்டார்.

"இன்னையிலேருந்து உங்க வகுப்பு இங்கதானாம்."