எது ஐவரி, எது கிரீம்?

"ஏய், இங்க வா. இதுல எது ஐவரி, எது கிரீம்? சொல்லு பார்ப்போம்!"

ஹால் சுவரில் கையகலத்துக்கு இரண்டு பட்டை அடித்துவிட்டு, இடுப்பில் கைவைத்து நின்றார் பெயின்டர். அவர் மனைவி உப்புத்தாளைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"இடது பக்கம் ஐவரி. வலது பக்கம் கிரீம்."

"ம்... சரிதான்."

வீட்டுக்காரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபது வருஷமாகப் புருஷனோடு ஏணி ஏறுகிறவளுக்கு எதற்குப் பரீட்சை? அதுவும் எப்பேர்ப்பட்ட கேள்வி! பாலில் ஒரு சொட்டு டீ விழுந்த வித்தியாசம்தான் இரண்டுக்கும். வீட்டுக்காரம்மாவுக்கே கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தும் பிடிபடவில்லை.

வாளியில் பெயின்ட் கலக்கியதும் மனுஷர் மறுபடி ஆரம்பித்தார்.

"இந்த வாளி ஹாலுக்கா, பெட்ரூமுக்கா?"

"ஹாலுக்கு."

"பரவாயில்ல, தேறிட்ட!"

சீலிங்கை ஒட்டிய ஓரத்தை அடித்துவிட்டு அவர் டீ குடிக்க வெளியே போனதும் வீட்டுக்காரம்மா பொரிந்து தள்ளினாள்.

"ஏம்மா, நீ என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளையா? நாலு பேர் முன்னாடி மட்டம் தட்டறார், நீயும் நின்னு ஒப்பிக்கறே. எதிர்த்து ஒரு வார்த்தை கேட்க மாட்டியா?"

அவள் சிரித்துக்கொண்டே மேலே காட்டினாள்.

"அந்த ஓரத்தைப் பாருங்கம்மா. டேப் ஒட்டாம வெறும் கையால இழுத்தது. நூல் பிடிச்ச மாதிரி இல்ல? அந்தக் கை வேற யாருக்கும் வராது!"

சொல்லும்போதே முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"கை இருக்கட்டும். வாய்?"

அவள் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ரெண்டு வருஷமா அவர் கண்ணுக்கு வெள்ளையெல்லாம் ஒண்ணாத்தாம்மா தெரியுது. ஒரு வீட்ல ரூம் மாத்தி அடிச்சிட்டார். அன்னையிலிருந்துதான் இந்தப் பரீட்சை."

வீட்டுக்காரம்மாவுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை.

"அப்போ... தெரியாமத்தான் கேட்கறாரா? அதை உன்கிட்ட சொல்லிட்டே கேட்கலாமே!"

"சொல்ல மாட்டார். எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சா அன்னைக்கே பிரஷ்ஷைக் கீழ வச்சிடுவார். சந்தேகம் வந்துடக் கூடாதே... அதான் நடுநடுவுல வேணும்னே முழிச்சு, ஒரு திட்டும் வாங்கிக்குவேன்!"